முட்டைக்குப் பதில் பழம்

எங்கள் காலத்தில் சமத்துவம் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. தீண்டாமை எவ்வளவு பெரிய தப்பு என்று மூன்றே வரியில் அச்சடித்திருப்பார்கள். வாத்தியார் அந்தப் பக்கத்தை நடத்தியதில்லை, பரீட்சைக்கு வராது. நாங்களோ பழைய புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிப் படித்தவர்கள். அட்டையோடு சேர்ந்து முதலில் கழன்று போயிருப்பதும் அந்தப் பக்கம்தான். ஆக, புதுப் புத்தகம் வாங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் சமத்துவம் பத்திரமாக இருந்தது.

இன்று ஒரு பக்கம் போதவில்லை என்று நாட்காட்டியிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜனவரி 30 தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், 2022 முதல் சமத்துவ நாள். செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாள், 2021 முதல் சமூகநீதி நாள். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள். திருப்பூருக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியன் என்ற முறையில் இத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, வாசித்து, போட்டோ எடுத்து, மதியத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிவிட வேண்டும். ஏப்ரல் 14-இல் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. அதனால் சமத்துவத்தை அதற்கு முந்தைய வேலைநாளிலேயே ஏற்றுக்கொண்டுவிடுவோம். ஒரு வருஷமும் பாக்கி வைத்ததில்லை.

நான் படித்தது பெரியார் மாவட்டத்தில். 1979-இல் கோயம்புத்தூரைப் பிரித்தபோது வைத்த பெயர் அது. பிறகுதான் ஈரோடு மாவட்டம் ஆனது. பெரியார் மாவட்டத்து எங்கள் பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரு மண்பானையும் அதன்மேல் கவிழ்த்த ஓர் அலுமினிய டம்ளரும் இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் மொண்டு குடிப்போம். காலனிப் பிள்ளைகளுக்கு எங்களில் ஒருவன் மொண்டு ஊற்றுவான். அவர்கள் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார்கள். முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகி டவுசர் நனையும். டவுசர் நனையாமல் குடிப்பதில் சிலர் பெரிய கெட்டிக்காரர்கள். அவர்களைப் பார்த்து எங்களுக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். இப்படித்தான் குடிக்க வேண்டும் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவர யார், வாசல் கூட்ட யார் என்று முறை போட்டவர் எங்கள் வாத்தியார்தான். அப்போதும் அவர் சாதி கேட்டதே கிடையாது. எல்லாருக்கும் தெரிந்ததைக் கேட்டுப் பாட நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

இப்போது எங்கள் பள்ளியில் பானை இல்லை. பிள்ளைக்கு ஒரு பாட்டில், கழுத்தில் வார் போட்டுத் தொங்குகிறது. யார் பாத்திரத்தை யாரும் தொட வேண்டியதில்லை. தண்ணீர் விஷயத்தில் தீண்டாமை அடியோடு ஒழிந்துவிட்டது என்று எந்த அதிகாரி வந்து கேட்டாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். பொதுவாக ஒன்று இருந்தால்தானே அதில் பாகுபாடு வரும்?

அந்தக் காலத்தில் வகுப்பில் சாதி சத்தமாகக் கேட்டது வருஷத்தில் ஒரு நாள்தான். எட்மாஸ்டர் வாசற்படியில் நின்று, “ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்கடா” என்பார். எழுந்து நிற்பார்கள். விரலை நீட்டித் தலையை எண்ணுவார். இரண்டு பேர் குறைந்தால், “அந்த மேக்கால வீட்டுப் பையன் எங்கே?” என்று பெயரையும் தெருவையும் சொல்லித் தேடுவார். பணம் வந்ததா என்பது வேறு கதை. யார் யார் என்பது எங்களுக்கு மறுபடி ஒருமுறை மனப்பாடமாகும்.

இன்று அப்படி யாரையும் எழுப்புவதில்லை. எமிஸ் என்கிற கல்வித் தகவல் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தொட்டால் பட்டியல் இறங்கும், இன்னொரு தொடலில் வேலை முடியும். சத்தமே கிடையாது. சலுகை போய்ச் சேர அந்தக் கணக்கு வேண்டும் என்பதும் உண்மைதான்.

சத்தம் கேட்க வேண்டுமென்றால் என் தம்பி மகள் படிக்கும் தனியார் பள்ளிக்குப் போக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தொடக்க நிலை வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். பணம் அரசாங்கம் தரும். எல்லாப் பிள்ளைகளும் கலந்து படிக்கட்டும் என்பது நோக்கம். நான்காம் வகுப்புப் படிக்கும் எங்கள் பாப்பா ஒரு நாள் வகுப்புப் போட்டோவைக் காட்டி ஒவ்வொருவராக அறிமுகம் செய்தாள். இவள் டான்ஸ் ஆடுவாள், இவன் செஸ் விளையாடுவான், இவன் ஆர்.டி.இ.

“அப்படின்னா என்ன கண்ணு?”

“தெரியல பெரியப்பா. மைக்ல கூப்பிடுவாங்க, ஆர்.டி.இ. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் ஆபீஸ் ரூமுக்கு வாங்கன்னு. அவன் போவான்.”

எங்கள் எட்மாஸ்டருக்கு மைக் வசதி இல்லை. அந்த வகையில் கல்வி வளர்ந்துதான் இருக்கிறது.

சீருடை விஷயத்தை எனக்குக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து தெரியும். அப்பா தையல்காரர். 1985-இல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசச் சீருடை கொடுக்க ஆரம்பித்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. ஏழை, பணக்காரன் தெரியக் கூடாது என்பதுதானே சீருடை? சத்துணவு சாப்பிடாதவர்களுக்குச் சீருடை கிடையாது. அவர்கள் கடையில் துணி எடுத்து அப்பாவிடம் தைத்துக்கொண்டார்கள். நிறம் ஒன்றுதான், துணி இரண்டு ரகம். இலவசத் துணி முதல் சலவையிலேயே வெளுத்துவிடும். அதன் பிறகு யார் மதியம் தட்டு எடுப்பவர், யார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுபவர் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

தைத்தே வரும் அந்த டவுசர்களுக்கு அளவும் ஒன்றுதான் போலிருக்கும். ஒல்லிக்குச்சிப் பையனையும் குண்டுப் பையனையும் அரசாங்கம் ஒரே கண்ணால் பார்த்திருந்தது. சாயங்காலம் அம்மாக்கள் பிள்ளையோடும் டவுசரோடும் எங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். அப்பா பையனைத் திருப்பி நிறுத்தி, இடுப்பில் இரண்டு விரற்கடை மடித்துப் பிடித்து, வாயிலிருக்கும் குண்டூசியை எடுத்துக் குத்திக்கொண்டே சொல்வார்: “கவருமென்ட்டு எல்லாரும் சமம்னு வெட்டி அனுப்பிருதுங்க. நாமதான் ஆளுக்குத் தக்கனெ புடிக்கணும்.” வேற்றுமைகளை மதிக்கும் கல்வி என்று ஆசிரியர் பயிற்சிகளில் நாள் முழுக்கப் படம் போட்டுக் காட்டுவதை, மிஷினில் உட்கார்ந்தபடி அவர் சொல்லி முடித்துவிட்டார். கூலி வாங்கிய நாளும் உண்டு, வாங்காத நாளும் உண்டு.

சமத்துவம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாக நிஜமாகவே நுழைந்தது 1982 ஜூலையில், அரிசி மூட்டையாக. எம்.ஜி.ஆர். திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கிவைத்தார். எங்கள் ஊரிலும் ஓலைக்கொட்டகை போட்டு அடுப்பு மூட்டினார்கள். அதற்கு முன் காமராசர் காலத்திலிருந்தே மதிய உணவு உண்டு என்றாலும், இந்த அளவுக்கு ஊர்ப் பிள்ளைகளையும் இழுத்தது இதுதான். முதல் நாட்களில் பாதிப் பேர் வீட்டுக்கு ஓடினோம். சாம்பார் தாளிக்கும் வாசனை பதினொன்றரை மணிக்கு வகுப்புக்குள் வரும். கணக்குப் பாடம் அத்தோடு முடிந்தது. மெல்ல மெல்லத் தட்டுகள் கூடின. வேப்பமரத்தடியில் இரண்டு வரிசை. யார் முதலில் ஓடிவருகிறானோ அவன் முதலில். பசி நேரத்தில் யார் பக்கத்தில் யார் என்று பார்த்தால் சோறு ஆறிவிடும்.

இதை வைத்து, பந்தி சாதியை ஒழித்தது என்று நான் எழுதினால் எங்கள் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பொறுத்துக்கொண்ட ஊர், யார் சமைப்பது என்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தது. சமையலம்மாவும் ஆயாவும் ஊருக்குள்ளிருந்துதான் வந்தார்கள். அது நிபந்தனை என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. பானை விஷயம் மாதிரியேதான். சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. அதற்குப் பதினான்கு வருஷம் கழித்து, 2018-இல், அவிநாசிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கு ஒரு தலித் பெண் சமைக்க வந்தார். கூடாது என்று ஊர்க்காரர்கள் பள்ளியை மறித்தார்கள். அந்த அம்மாவுக்கு இடமாறுதல் போட்டார்கள். போராட்டம் நடந்து, மாறுதல் ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தபோதும் சில ஊர்களில் அதே கேள்வி புதிதாகக் கேட்கப்பட்டது. உப்புமா புதுசு. கேள்வி மட்டும் நான் படித்த காலத்துப் பழையது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் சத்துணவுக் கூடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: முட்டை. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று கலைஞர் ஆட்சியில் தொடங்கியது. அப்போது நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டேன். அந்த வருத்தம் இன்னும் உண்டு. இப்போது வாரத்தில் ஐந்து நாள். மிளகு முட்டை, வெங்காய மசாலா முட்டை என்று தினுசு வேறு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அதற்குப் பதில் வாழைப்பழம். அவ்வளவுதான் ஏற்பாடு. எல்லாருக்கும் சத்து ஒன்று, வீட்டு வழக்கம் வேறாக இருந்தால் பண்டம் வேறு. யாரும் யாருக்காகவும் தட்டை மறைக்க வேண்டாம். இதற்கு ஒரு விழா கிடையாது, சுவரொட்டி கிடையாது, கைதட்டல் கிடையாது. ஜூன் மாதம் கணக்கெடுத்து, இன்னாருக்கு முட்டை, இன்னாருக்குப் பழம் என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுவோம்.

தாள் சுவரில் இருக்கும். நடப்பு ஆயாவின் கரண்டியில் இருக்கும். மிளகு முட்டை போடும் நாளில் பழப் பட்டியலிலுள்ள ஒரு பையன் தவறாமல் முட்டை வரிசையில் நிற்பான். ஆயா அவனை ஏற இறங்கப் பார்ப்பார். ஒரு முட்டையை வைப்பார். “ஊட்டுல கேட்டா பழம்னு சொல்லு சாமி.” இன்னொருத்தி முட்டைப் பட்டியல், ஆனால் தம்பிக்குக் கொண்டுபோகப் பழம் கேட்பாள், பையில் வைத்தால் உடையாது என்பதால். அதுவும் நடக்கும். பதிவேட்டில் மாதக் கடைசியில் எல்லாம் சரியாக இருக்கும். எப்படி என்று நான் கேட்பதில்லை.

தம்பி மகள் பள்ளியில் தாழ்வாரம் முழுக்க வண்ண வண்ணத் தாள்கள். வேற்றுமைகளைக் கொண்டாடுவோம் என்று ஆங்கிலத்தில் எழுதி, கைகோத்த குழந்தைகள் படம் வரைந்திருக்கிறார்கள். அதே பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது: மதிய டப்பாவில் முட்டை, மீன், இறைச்சி கொடுத்தனுப்ப வேண்டாம், மற்ற குழந்தைகளின் உணர்வை மதிப்போம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் டப்பாவிலிருந்து வாங்கிச் சாப்பிடவும் கூடாது, அது சுகாதாரம். பகிர்ந்துண்ணும் பண்பு புதன்கிழமை மூன்றாவது பீரியடில் பாடமாக இருக்கிறது. படம் வரைந்தால் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். பாப்பா இரண்டு நட்சத்திரம் வாங்கியிருக்கிறாள்.

அந்தப் பள்ளியில் சாதி பார்ப்பதில்லை என்று தம்பி பெருமையாகச் சொல்வான். நிஜம்தான். கட்டணம் கட்டுகிற சாதி என்று ஒன்றே ஒன்றுதான் அங்கே, மைக்கில் கூப்பிடுகிறவர்கள் நீங்கலாக.

அங்கே வருஷத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வேற்றுமையைக் கொண்டாடும் நாள். பிள்ளைக்கு ஒரு மாநிலம் என்று சீட்டுக் குலுக்குவார்கள். அந்த மாநிலத்து உடையில் வந்து மேடையில் நாலு வரி பேச வேண்டும். போன வருஷம் பாப்பாவுக்கு வந்தது ஒடிசா. தம்பி மனைவி மாறுவேடக் கடைக்குப் போனாள். காஷ்மீர் இருந்தது, பஞ்சாப் இருந்தது, கதகளிகூட இருந்தது. ஒடிசாவுக்குத் தனியாக இல்லை. “மணிப்பூரி இருக்குதுங்க, அதையே கட்டி உடுங்க. திருப்பூர்ல யாருக்குத் தெரியப் போகுது?” என்றாராம் கடைக்காரர்.

திருப்பூரில்! பனியன் கம்பெனி ஷிப்ட் முடியும் நேரத்தில் எங்கள் சாலையில் நின்று ஒடியாவில் ஒரு தும்மல் போட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என் பள்ளியில் நான்காம் வகுப்பிலேயே ஓர் ஒடியாப் பெண் இருக்கிறாள். அவள் அம்மா கம்பெனியில் பிசிர் வெட்டுகிறார். சேர்க்கைக்கு வந்தபோது அவள் அப்பா கேட்டது ஒன்றுதான்: தமிழ் எழுதப் படிக்க வந்துவிடுமா? இரண்டு வருஷத்தில் வந்துவிட்டது, எங்கள் பேச்சோடு சேர்த்து. “ஏனுங்க சார், நாளைக்கு லீவுங்களா?” என்பாள். ஊர் எது என்று அவளாகச் சொன்னால்தான் உண்டு.

அவளைக் கேட்டு நாலு வரி எழுதித் தரலாம் என்று கூப்பிட்டேன். “உங்க ஊர்ல என்ன விசேஷம் கண்ணு? என்ன சாப்பிடுவீங்க?”

“பக்காளாங்க சார்.”

“அது என்ன?”

கொஞ்சம் யோசித்தாள். “நம்ம பழைய சோறு இருக்குதுல்லீங்க, அதேதானுங்க. வெங்காயம் கடிச்சுக்குவோம்.”

தம்பி மனைவியிடம் போனில் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். “பழைய சோத்தைப் போய் மேடையில சொல்ல முடியுமா மாமா? வேற்றுமையா ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க.” கடைசியில் கொனாரக் சூரியக் கோயில், பூரி தேர்த்திருவிழா, புவனேஸ்வரம் தலைநகர் என்று செல்போனிலிருந்து எடுத்து மனப்பாடம் செய்வித்தாள். மணிப்பூர் உடையில் நின்று ஒடிசாவைப் பற்றிப் பாப்பா தடங்கலில்லாமல் பேசினாள். இரண்டாம் பரிசு. முதல் பரிசு காஷ்மீருக்கு. திருப்பூர் வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டு நின்ற பையனுக்கு அது நியாயமாகச் சேர வேண்டியதுதான். என் பள்ளி ஒடியாப் பெண் போட்டியில் கலந்திருந்தால் ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது. அவளும் அவள் அம்மாவும் பார்க்க ஒடிசா மாதிரியே இல்லை.

வேற்றுமையைக் கொண்டாடும் வேலையை எங்கள் பக்கத்துப் பையன்கள் சுற்றறிக்கை வராமலே செய்துகொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என் வயசில் மணிக்கட்டில் கயிறு கட்டினால் அது காய்ச்சலுக்கு மந்திரித்தது. இன்று கயிற்றின் நிறம் வேறு கணக்கு. 2023-இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றியடையாளம் எதுவும் பள்ளிக்குள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதெல்லாம் பெரிய பையன்கள் விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, என் ஐந்தாம் வகுப்பில் ஒருவன் இரண்டு நிறக் கயிற்றோடு வந்தான். “அண்ணன் கட்டிவிட்டானுங்க சார், திருவிழாவுக்கு.” எந்தத் திருவிழா என்று அவனுக்குத் தெரியவில்லை. கழற்றினேன். முதல் பக்கத்து மூன்று வரி அவனுக்கு மனப்பாடம். அதே சமயம் அண்ணன் மணிக்கட்டும் மனப்பாடம்.

உட்காரும் முறையையும் அடிக்கடி மாற்றிப் பார்த்தாயிற்று. செயல்வழிக் கற்றல் வந்தபோது பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஆசிரியரும் தரையில் உட்காரச் சொன்னார்கள். 2025 ஜூலையில், ஒரு மலையாளப் படத்தைப் பார்த்த உற்சாகத்தில், கடைசி பெஞ்சே இல்லாமல் ‘ப’ வடிவில் உட்காரவைக்கலாம் என்ற யோசனை வந்தது. கழுத்து வலிக்கும் என்று எதிர்க்குரலும் எழுந்தது. நல்ல யோசனைதான், எங்களுக்குப் புதிதில்லை. மழைக்காலத்தில் நடுவில் ஒழுகுவதால் நாங்கள் ரொம்ப நாளாக ‘ப’-வில்தான் இருக்கிறோம்.

போன வாரம் தம்பியிடம் சொன்னேன்: “ஒரு நாள் பாப்பாவை எங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வையேன். ஒடிசா, பீகார் எல்லாம் ஒரே வரிசையில உட்கார்ந்து சாப்பிடும், பார்க்கட்டும்.” அவன் தயங்கினான். தண்ணீர் எப்படி, தட்டு யார் கழுவுவது என்று கேட்டான். பாப்பா கேட்டது வேறு: முட்டை உண்டா?

உண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சிக்கல். முட்டை வருகைப் பதிவேட்டுக் கணக்குப்படி வருகிறது. எமிஸில் பெயர் இல்லாத பிள்ளை தட்டில் ஒரு முட்டை விழுந்தால் தணிக்கையில் நான் பதில் சொல்ல வேண்டும். கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு எங்கள் பந்தியில் உட்கார விதியில் இடமில்லை. ஆயாவிடம் கேட்டேன். பழம் என்றால் சமாளித்துக்கொள்ளலாமாம்.